‘இதோ’ என்றால் எத்தனை நேரம்

எங்கள் வீட்டில் நல்ல கடிகாரம் ஒன்று இருந்தது. அதை ராகுகாலம் பார்க்க மட்டும்தான் வைத்திருந்தோம். மற்றபடி, மலையாள ஊரின் பழைய கோட்டைக்குள் இருந்த எங்கள் தமிழ்த் தெருவில் நேரம் என்பது வாய்வார்த்தைதான். அம்மா ‘சித்த இரு’ என்றால் பூ தொடுத்து முடியும்வரை இருக்க வேண்டும். அப்பாவின் ‘ஒரு நிமிஷ’த்துக்குள் ஒரு சகஸ்ரநாமம் முழுசாக அடங்கும், நடுவில் மறந்து போனால் முதலிலிருந்து மறுபடியும். ‘இதோ’ என்பதற்கு மட்டும் இன்றுவரை எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

ஐக்கிய கேரளம் பிறக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. நான் பள்ளிப்படிப்பை முடித்து டைப்பிங்கும் பாஸ் செய்திருந்தேன். ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. சனிக்கிழமை, காலை பத்து மணி. அதே வாரம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரனும் வந்திருந்தது. மனைவியை இழந்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். வேலை கிடைத்தால் வரன் வேண்டாமென்று எழுதிவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் சம்மதம் என்று எழுதுவார். அதையும் என்னிடம் மறைக்கவில்லை.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதுக்கு முன்னால் படியிறங்கிவிட வேண்டும். நான் ஏழரைக்கே புடவை கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா பூஜையில் இருந்தார்.

“நாழியாறதுப்பா.”

“ஒரு நிமிஷம். கெளம்பிடலாம்.”

எட்டரைக்கும் அதே ஒரு நிமிஷம்தான். ஒன்பதடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. என் சர்டிபிகேட்டுகளை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் நம் சாமான் ஒன்று வீட்டை விட்டுப் போய்விட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. அப்புறம் ராகுகாலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. போகிற வழியில் சாமானை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இத்தனை ஏற்பாடு செய்ததற்கு, அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பியிருக்கலாம்.

ஒன்பதரைக்கு அப்பா ஒருவழியாக வெளியே வந்தார். எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டு மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “கோயிலுக்குப் போயிருக்கா. இதோ வந்துடுவா.”

அப்பா அங்கேயே நின்று அவரிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். கல்யாணம் ஆகாத பெண் தெருவில் ஓடுவதை அன்றுதான் முதல்முதலாக எங்கள் தெரு பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

மாமி அனுமார் சன்னதி முன்னால் நின்றிருந்தாள். நடை சாத்தியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

“மாமி, சாவியக் குடுங்கோ. பத்து மணிக்கு இன்டர்வியூ.”

“பத்திரமா இருக்கட்டும்னு பூஜை உள்ளுல வச்சிருக்கேன்டீ. மடியில்லாம நீ எப்படித் தொடுவே? இப்பத் தொறந்துடும். ஒரு நொடி தொழுதுட்டு நானே வந்து எடுத்துத் தரேன்.”

அந்தச் சன்னதியில் அனுமாரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கதவைத் திற. அவருக்கும் ‘இப்ப’ என்றால் எங்கள் தெருக் கணக்குத்தான் போலிருக்கிறது. மாமியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட நினைத்தேன். கை நீளவில்லை. அந்தக் கையின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நடை திறந்து, மாமி தொழுது, பிரதட்சிணம் செய்து, வீட்டுக்கு வந்து காலலம்பி, மூட்டையை எடுத்துத் தரும்போது பத்தே கால். ஜட்கா பிடித்து ஆபீஸ் வாசலில் இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது.

வாசலில் இருந்த பியூன் என் கடுதாசியை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர். முகத்தில் வருத்தத்தோடு மலையாளத்தில் சொன்னார்.

“பேரு விளிச்சு. ரெண்டு பிராவசியம் விளிச்சு. இப்பம் ஒரு மினிட்டு ஆயதே உள்ளூ.”

“ரெண்டு தடவை கூப்பிட்டா என்ன, கூப்பிட்டு ஒரு நிமிஷந்தானே ஆச்சு, உள்ளே விடுங்களேன்,” என்று கெஞ்சினேன்.

“இனி பற்றூல்ல, குட்டி.” இனிமேல் முடியாதாம்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல், “போனாப் போறது, இன்னும் கொஞ்ச நாள்ல வேற வரும்” என்றார். ஜட்காவில் திரும்பும்போது மூட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன். அதில் மாமி வீட்டுக் கற்பூர வாசனை அடித்தது.

அன்று சாயங்காலமே அப்பா தஞ்சாவூருக்குக் கார்டு எழுத உட்கார்ந்தார். “கொஞ்சம் பொறுத்து எழுதலாமேப்பா” என்றேன். இன்றையத் தபால் போய்விடும் என்றார்.

தை மாதம் கல்யாணம். காலை ஆறு பத்துக்கு முகூர்த்தம். அப்பா ஐந்தரைக்கே பூஜையை முடித்துவிட்டு வந்து நின்றார். எதிர்வீட்டு மாமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் ஒருத்தர்கூட அன்றைக்கு ஒரு நிமிஷம் பிந்தவில்லை.