வெல்டா அண்ணி வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி

என் அண்ணி வெல்டாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். அடுத்து போனைக் கையில் எடுப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் யாராவது குறுக்கே விழுந்து தடுத்துவிட்டால் எங்கள் பொந்த் வெர் ஊர் அன்றைக்குப் பிழைத்தது. போன ஜனவரியில் யாரும் தடுக்கவில்லை. எனக்கும் அன்றைக்குக் கோபம்தான்.

அண்ணி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அரிசி ஆலைக்குப் பின்னால் நிழலில் வண்டியை நிறுத்துவாள். சாயங்காலம் மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதுவாள். அவளுடைய வலைப்பதிவுக்குப் பெயர் 'கருகும் முன்'. மாவை எண்ணெயில் கொட்டி, கை ஓயக் கிளறி, காப்பிப்பொடி நிறம் வந்ததும் கருகுவதற்குச் சற்று முன்னால் இறக்குகிறோமே, அந்த ரூ இல்லாமல் எங்கள் லூசியானாவில் கம்போ குழம்பு கிடையாது. அண்ணியின் எழுத்தும் அந்தப் பதத்தில்தான் இருக்கும். பல நாள் பதம் தப்பியும் போகும்.

பன்றிக்குடலில் சோறு அடைக்கும்போது எவ்வளவு ஈரல் சேர்க்க வேண்டும், எந்தப் பெட்ரோல் பங்க் கடையில் விற்பது நன்றாக இருக்கும், எந்தப் பங்க்கில் வாங்கினால் பாவம் சேரும், எல்லாம் எழுதுவாள். கம்போவில் தக்காளி போடலாமா என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். அண்ணியின் பதில் தனிப் பதிவாகவே வந்தது. அதில் தக்காளி என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வரும். மிச்சமெல்லாம் கேட்டவரின் வளர்ப்பைப் பற்றி.

மார்டி கிரா பற்றி எழுதும்போது மட்டும் அவள் குரல் தணியும். எங்கள் ஊர் மார்டி கிரா நகரத்து ஊர்வலம் மாதிரி இல்லை. ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கந்தல் துணி தைத்த உடையும் கம்பிவலை முகமூடியும் கூம்புத் தொப்பியுமாக ஆண்கள் குதிரையேறி வீடு வீடாகக் கம்போவுக்குக் கோழி யாசிக்கப் போவார்கள். கேப்டனுக்கு மட்டும் முகமூடி கிடையாது. கூட்டத்தைச் சாலையில் நிறுத்திவிட்டு, வெள்ளைக் கொடியோடு அவர் தனியாக வாசலுக்கு வந்து, "மார்டி கிராவை ஏற்பீர்களா?" என்று கேட்க வேண்டும். சரி என்றால் கொடியை இறக்குவார். கூட்டம் ஆடிப் பாடி உள்ளே வரும். வீட்டுக்காரர் கோழியை மேலே தூக்கி எறிய, சேற்றில் விழுந்து புரண்டு பிடிப்பார்கள். இல்லை என்றால் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். இரண்டாவது தடவை கேட்கக் கூடாது, வீட்டுக்காரரும் சொன்ன வார்த்தையை மாற்றக் கூடாது. துக்க வீட்டாரைத் தவிர வேறு யாரும் 'இல்லை' என்று சொன்னதும் கிடையாது. அண்ணியின் பதிவுகளில் அதிகம் பேர் படித்தது இதைத்தான்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? வரத் தொடங்கினார்கள். மடக்கு நாற்காலியும் குடையுமாக எங்கள் வாய்க்கால் கரையெல்லாம் வெளியூர்க்காரர்கள். அதைப் பார்த்துத்தான் டுவைட் சொன்யேவுக்கு யோசனை முளைத்தது. டுவைட் தீவனக்கடைக்காரன், அண்ணியோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது எங்கள் கேப்டன். இந்த வருடம் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து விடப்போவதாகவும், எல்லோருக்கும் ஊர்க் கூடத்திலேயே கம்போ போடப்போவதாகவும் அறிவித்தான். அத்தனை பேருக்கு ரூ கிளற யாருக்குக் கை இருக்கிறது? கடையில் ஜாடியில் அடைத்து விற்கிற ரூவைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டான்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள்.

அந்தப் பதிவை முழுசாகச் சொல்ல என் வாய் கூசும். கடைசி வரி மட்டும் போதும். "குதிரைமேல் உட்காரத் தெரிந்தவனெல்லாம் கேப்டன் என்றால், டுவைட் கடை மூட்டைக்கும் ஒரு கொடி கொடுத்துவிடலாம்." ஊரே அதைப் படித்துச் சிரித்தது. டுவைட் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் கடைக் கதவில், ஊர்வலம் நிற்கப்போகும் வீடுகளை எழுதி ஒட்டினான். வெல்டா அண்ணி வீடு அதில் இல்லை.

எங்கள் ஊரில் ஒருத்தியைத் திட்டலாம், அவள் நாயைத் திட்டலாம். மார்டி கிரா அவள் வாசலைத் தாண்டிப் போவது என்பது வேறு. கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வருடம்கூட அவளைக் கேட்காமல் போனதில்லை. அதுவும் இந்த வருடத்துக்கென்றே ஒரு சேவலை வளர்த்து வைத்திருந்தாள். நாள் முழுக்கக் கத்துகிறான், ஒரு வேலையும் செய்வதில்லை என்று அவனுக்கு செனட்டர் என்று பெயர் வைத்து, வாராவாரம் பதிவில் படம் போட்டுவந்தாள்.

கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் அண்ணன் ஹார்லன், விஷயம் தெரிந்ததும் ஊர்வலத்துக்கு வைத்திருந்த தன் முகமூடியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான். "உன்னைக் கேக்காத கூட்டத்தோட நான் எதுக்குடி போகணும்?"

அண்ணி அதை எடுத்துத் துடைத்து அவன் மடியில் வைத்தாள். "நீ போகாட்டி நான் மூலைல உக்காந்து அழுதேன்னு சொல்லுவானுங்க. போ. போயி நல்லா குடிச்சுட்டு குதிரைல இருந்து விழு."

மார்டி கிரா செவ்வாய்க்கிழமை காலை நானும் அண்ணியும் வாசலில் இருந்தோம். மழை பெய்து நின்றிருந்தது. செனட்டரின் காலில் கயிறு கட்டி மரத்தடியில் விட்டிருந்தாள்.

"கேக்கவே மாட்டானுங்க, அப்புறம் எதுக்கு அண்ணி கட்டி வெச்சிருக்கீங்க?"

"என் சேவல், என் கயிறு. உனக்கு என்னடி வந்துச்சு ஜெனீவ்?"

குதிரைகள் வந்தன. கந்தல் உடைகள், டிரெய்லரில் பிடில்காரர்கள், சமையல் சாமான் ஏற்றிய இன்னொரு டிரெய்லர், எல்லாம் எங்கள் வேலியை ஒட்டிப் போயின. டுவைட் நேரே பார்த்தபடி போனான். முகமூடிக்காரர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அது அண்ணன் என்று பூட்ஸைப் பார்த்தே தெரிந்தது. அண்ணியின் கண்ணாடி மூக்கில்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னால் வந்த வெளியூர்ப் பேருந்து எங்கள் வாசலில் நின்றது. "செனட்டர்! அதோ செனட்டர்!" என்று உள்ளே ஒரே கூச்சல். எல்லோரும் இறங்கினார்கள். சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் வேலியோரம் நின்று, கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உயர்த்தினாள்.

"நீங்கதானே வெல்டா? மார்டி கிராவை ஏத்துக்குவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது. "ஒழுங்கா படிச்சிருக்கீங்கம்மா. ஆனா நீங்க கேக்கக் கூடாது. கேப்டன் கேக்கணும்."

"அவர் கேக்கலையா?"

"கேக்கல."

அந்த அம்மாள் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுச் சாலையில் விறுவிறுவென்று நடந்தாள். முன்னால் போய் டுவைட்டின் குதிரைக்குக் குறுக்கே நின்றாள். என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. பிடில் நின்றது. பேருந்தில் வந்தவர்களில் ஒருவரும் திரும்ப ஏறுவதாக இல்லை. முகமூடிக்காரர்கள் குதிரைகளைத் திருப்பி எங்கள் வீட்டைப் பார்த்து நின்றார்கள். டுவைட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தான். கூடவே பின்னால் நின்ற சமையல் டிரெய்லரும் வேலிக்கு நேராக வந்து நின்றது.

"வெல்டா, நேரமாச்சு. கோழியைத் தூக்கிப் போடு, போயிடறோம்."

"கொடி எங்கடா?"

அவன் பல்லைக் கடித்தான். சேணத்தில் சுற்றி வைத்திருந்த கொடியை உருவி விரித்தான். நேராக உட்கார்ந்தான். அந்த ஒரு நிமிடம் அவன் நிஜமான கேப்டன் மாதிரிதான் இருந்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

"மார்டி கிராவை ஏற்பீங்களா?"

அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உதடு பிரிந்தது. அப்போது அவள் கண் டிரெய்லர்மேல் போனது. திறந்த பெட்டியில் கடை ரூ ஜாடிகள் வரிசையாக, மூடிகள் பளபளவென்று இருந்தன. மூக்குக் கண்ணாடி அவள் கைக்கு வந்துவிட்டது.

"இல்லை," என்றாள்.

செனட்டர்கூடக் கத்தவில்லை. அந்த வார்த்தையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட அவள் வாய் மறுபடியும் திறந்ததைப் பார்த்தேன். ஆனால் வார்த்தையை மாற்றக் கூடாது என்று ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்னவள் அவள். எதிரே நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள். டுவைட்டின் முகம் வெளுத்தது. தொப்பியைத் தூக்கி, "நன்றி, வெல்டா," என்றான். குதிரையைத் திருப்பினான்.

உள்ளே வந்ததும் அண்ணி பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். "கேக்க மாட்டானான்னு ஒரு வாரமா தூங்கல. கேட்டுட்டான். நான் என்னடி பண்ணித் தொலைச்சேன்?"

"ஜாடியைப் பாத்தீங்க."

"அந்த ஜாடியைப் போட்டு உடைக்க!" என்று கத்தினாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கோ எல்லோர்மேலும் இருந்தது. டுவைட்மேல், பேருந்துமேல், அந்த மழைக்கோட்டு அம்மாள்மேல்கூட. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் செனட்டரை அவிழ்த்துவிட்டுக் கூட்டுக்குள் விரட்டினேன்.

பொழுது சாயும்போது அண்ணன் வந்தான். முழங்கால்வரை சேறு, கையில் மூடிய கிண்ணம். அண்ணிக்கு முன்னால் வைத்தான்.

"ஊர்க் கூடத்துக் குப்பை எனக்கு வேணாம்," என்றாள்.

"கூடத்துல போட்டது ஜாடிதான். இது அது இல்ல. கூடத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன சட்டி வெச்சு, டுவைட்டே நின்னு ரூ கிளறினான். நம்ம ஆளுங்களுக்கு மட்டும். ஒருத்தன் கைல கரண்டியைக் குடுக்கல. முத கிண்ணம் உனக்குக் குடுத்துட்டு வான்னான்."

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அண்ணி மூடியைத் திறந்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"கருக விட்டுட்டான், மடையன்."

சொல்லிவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.