தூக்கம் நல்லா வருதா?

போன வாரம் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு குடும்பத்தையே கலைக்கப் பார்த்தோம். நானில்லை... எங்களோடு வந்த கிரேஸ் சிஸ்டர்.

சிஸ்டர் எங்கள் பக்கத்து வீடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டு நர்ஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ராட்டினத்துக்கு மதம் ஏது? ‘வாங்கக்கா, ஒரு சுத்து சுத்துனா மனசு லேசாகும்’ என்று என் மனைவிதான் இழுத்து வந்தாள்.

இழுத்து வரவேண்டிய நிலையில்தான் இருந்தார். கொஞ்ச காலமாகவே ஆள் சரியில்லை. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழும். யார் என்ன சொன்னாலும் “ம்... அப்புறம்?” என்பார். சொன்னவர் எழுந்து போன பிறகும் “அப்புறம்?” என்பார்.

அவர் கணவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “கடையச் சாத்திட்டு வந்து ரேடியோகிட்டப் பேசலாம்ணே. நாம சொல்றதக் கேக்காட்டியும், அதுவா ரெண்டு வார்த்த பேசும்.”

பஸ்ஸில் சிஸ்டரே வாயைத் திறந்தார்.

“திங்கக்கிழமை பெரிய டாக்டரப் பாக்கப் போறேண்ணே. பிரசவ வார்டுக்கு மாத்தி விடுங்கன்னு கேக்கணும்.”

“ஏம்மா, இப்ப இருக்குற வார்டுல வேலை ரொம்பக் கஷ்டமோ?”

“எந்த வேல கஷ்டமில்ல? பிரசவ வார்டு சரோஜா பஜாருக்குப் போனா, பூக்காரி காசு வாங்க மாட்டேங்குறா. ‘எம்புள்ளைய எடுத்த மகராசி’ன்னு கையப் புடிச்சுக்கிறா. நானும் அதே பஜாருக்குத்தான் போறேன். எங்கையால சோறு வாங்கித் தின்னவுக, நான் தலைக்குச் சிக்கெடுத்து விட்டவுக, எதுத்தாப்புல வந்தா தெரு மாறிப் போறாக.”

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சிஸ்டரிடம் நின்று பேசினால், ‘இவுகள உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பாரே? அதனால் வார்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டாம். வெளியே பார்த்தால் அவர்களும் முகம் திருப்பவேண்டும், நர்சும் திருப்பிக்கொள்ளவேண்டும்.

“சொகமானவுக திரும்பி வர மாட்டாக. திரும்பி வாரவுக சொகமாகாதவுக. அப்ப நான் தெனமும் கண்ணால பாக்குறது யார? ஒருத்தராவது உருப்படியா வீடு போய்ச் சேந்தாகளான்னே எனக்குச் சந்தேகமா இருக்குண்ணே. கைதான் வேல செய்யுது. நான் அங்கன இல்ல.”

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோன்னு சும்மாவா சொன்னாக” என்று எடுத்துவிட்டேன். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். சில பழமொழிகளைப் பஸ்ஸில் சொல்லக் கூடாது.

இந்த மனநிலையோடுதான் ராட்டினத்துக்கு வந்து சேர்ந்தோம். அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை, முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் கணவன். கீழே செருப்புகளுக்குக் காவல் நின்ற மாமியார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சிஸ்டருக்குச் சட்டமெல்லாம் மறந்துபோனது.

“ஏ செல்வி... தூக்கம் நல்லா வருதா?”

வார்டில் இதுதான் வணக்கம். ஊரெல்லாம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால், அங்கே காலையில் இதைத்தான் கேட்பார்கள். அந்த நோயில் முதலில் போவது தூக்கம், கடைசியில் திரும்புவதும் தூக்கம். ஆனால் திருவிழாவில் நிற்கிற ஒரு மருமகளிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா?

மாமியார் நிமிர்ந்தார்.

“யாரு செல்வி இவுக? நீ தூங்குனா என்ன, தூங்காட்டி என்ன... இவுகளுக்கு எதுக்கு அந்தக் கவல?”

அப்போதுதான் சிஸ்டருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. எனக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மாமியாருக்கும் விளங்கினால்? ‘எம்மகன் தலையில ஒரு பைத்தியத்தக் கட்டிட்டாக’ என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் பிறந்த வீட்டில் நிற்பாள்.

செல்வி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்க தையல் டீச்சர், அத்தே. மிஷின்ல உக்காந்தா நான் தூங்கித் தூங்கி விழுவேன்ல? ஒருநாள் பாவாட நாடாவக் கொண்டுபோய் ஜாக்கெட்டுல வச்சுத் தச்சுப்புட்டேன். அத இன்னும் விட மாட்டேங்குறாக.”

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருமகளைக் குறை சொல்ல இன்னொரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் மலராது?

“அதக் கேளுங்க டீச்சர். இப்பவும் அதே கததான். இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. புள்ள அழுதா எம்மகன்தான் எந்திரிச்சுத் தொட்டிலாட்டுறான். நீங்களாவது நல்ல புத்தி சொல்லிட்டுப் போங்க.”

அந்தக் கணவன் சிஸ்டரை நேராகப் பார்த்தான். “நல்லாத் தூங்குறா டீச்சர். மாத்தமே இல்ல. நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீக” என்றான்.

அவனுக்குத் தெரியும்.

“தூங்கட்டும்மா... நல்லாத் தூங்கட்டும்” என்றார் சிஸ்டர். செல்வி மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போனாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நர்சுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எந்த டாக்டர் கொடுக்க முடியும்? மருமகள் அதிகம் தூங்குகிறாள் என்று மாமியாரே வாய்விட்டுச் சொல்கிறார்...

திரும்பும்போது சிஸ்டர் பொரிகடலைப் பொட்டலத்தைத் தனியாகக் காலி செய்தார்.

“எம்புட்டு அழகாப் பொய் சொன்னா பாத்தீகளாண்ணே. எங்கனயாவது கோர்வ தப்புச்சா? வார்டுக்கு வந்த புதுசுல பேரக் கேட்டாக்கூடப் பதில் வராது. இப்ப... நாடாவ ஜாக்கெட்டுல வச்சாளாம்ல.” அவர் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலி ஓரமாக விசாரித்தேன். “பெரிய டாக்டரக் கேட்டாச்சா?”

“கேட்டேண்ணே. வார்ட மாத்தச் சொல்லி இல்ல, ஒரு வாரம் லீவு கேட்டேன். தூங்கணும்.”

சுருக்கென்றது. வார்டு முழுக்கத் தூக்கம் வருதா, தூக்கம் வருதா என்று கேட்கிற மனுஷியை, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் ஒருநாளாவது கேட்டதுண்டா? பழமொழிதானே சொன்னேன்?

அந்தப் பழமொழியையும் இப்போது கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். ஆறு கடந்தவர் திரும்பிப் பார்க்காமல் போகிறாரென்றால், கரையில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம்.

பெயர், ஊர், தையல் மிஷின் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எந்த மாமியாரும் தேட வேண்டாம். ஆனால் ஒருவேளை நீங்களே அந்த வார்டிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பியவரானால்... பஜாரில் சிஸ்டரைப் பார்க்கும்போது தயங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள். அன்றைக்கு அவர் வீட்டுக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.