ஞாயிற்றுக்கிழமையும் மஞ்சள் பெட்டியும்

தெருவிளக்குப் பிரிவின் சாமான் அறை பதினான்கடி நீளம், ஒன்பதடி அகலம். ஒரே ஜன்னல், அதுவும் கம்பி போட்டது. அந்த அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் பூட்டண்ணன். அறைக் கதவுக்கு ஒரு பூட்டு, உள்ளே இரும்பு அலமாரிக்கு ஒரு பூட்டு, இரண்டு சாவியும் அவர் இடுப்புக் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது பொய். குளிக்கும்போது கழற்றிச் சோப்புப் பெட்டிமேல் வைப்பார்.

காலை எட்டு மணிக்குச் சாமான்கள் வெளியே போகும். மாலை ஐந்தரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ரப்பர் கையுறை, இடுப்பு பெல்ட், எதுவானாலும் அதே சட்டம்தான். பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, சாமான், வாங்கிய நேரம், கையெழுத்து, திரும்பிய நேரம். ஐந்தாவது கட்டம் காலியாகக் கிடந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கடைசி ஆள் கடைசிச் சாமானைக் கொடுத்ததும், ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வந்துடுச்சு, போகலாம்" என்பார். அதைக் கேட்டால்தான் ஆட்கள் கிளம்புவார்கள். சினிமா முடிந்து விளக்குப் போட்ட மாதிரி.

கம்பம் ஏறுகிறவர்களில் முதல் ஆள் அவருடைய சொந்தத் தம்பி, ஒன்பது வயது இளையவன். ஆறடி உயரம் என்பதால் அவனுக்கு ஏணி என்று பெயர். அண்ணன் பூட்டு, தம்பி ஏணி, அந்த வீட்டில் இனி ஒரு திருடன் பிறக்க வேண்டியதுதான் பாக்கி என்று மேஸ்திரி வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். நாலு தடவையும் தம்பிதான் முதலில் சிரிப்பான்.

தம்பிக்கு இருந்த ஒரே குறை, கையில் எடுத்ததை எங்காவது வைத்துவிட்டு வருவது. பதினொரு வருடத்தில் பதினொரு சாமான்களைத் தொலைத்திருந்தான்: டெஸ்டர் ஐந்து, கட்டிங் பிளேயர் இரண்டு, கையுறை இரண்டு ஜோடி, பெல்ட் ஒன்று, பித்தளை ஸ்பேனர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பூட்டண்ணன் மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். எழுதி முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவார். "உன் தலை கழுத்தோட ஒட்டியிருக்குது, தப்பிச்சே. இல்லாட்டி அதையும் ஏதாவது கம்பத்துல மாட்டிட்டு வந்திருப்பே." தம்பி தலையைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று காட்டுவான்.

தெருவிளக்கு வேலையில் மின்சாரத்துக்கு அடுத்த பயம் குளவி. விளக்கு மூடிக்குள், கம்பத்தடிப் பெட்டிக்குள், வெயில் படாமல் காற்று படுகிற எந்தப் பொந்திலும் கூடு கட்டிவிடும். கூடு இருக்கிற கம்பத்தைப் பார்த்தவர் அதன் இடுப்பளவில் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு வரவேண்டும். அடுத்து வருகிறவர் வட்டத்தைப் பார்த்தால் புகை போடாமல் ஏறமாட்டார்.

தம்பியை முதலில் குளவி கொட்டியது அவனுடைய முப்பத்து நாலாவது வயதில், வட்டம் போடாத ஒரு கம்பத்தில். முழங்கை வீங்கியது. இரும்பைத் தேய்த்தால் வீக்கம் வடியும் என்று யாரோ சொல்ல, பூட்டண்ணன் இடுப்புச் சாவியைக் கழற்றித் தேய்தேயென்று தேய்த்தார். மறுநாள் வீக்கம் வடிந்துவிட்டது. தானாக வடிந்ததா, சாவியால் வடிந்ததா என்று யாரும் ஆராயவில்லை. அண்ணன் சாவி எந்தப் பூட்டையும் திறக்கும் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரண்டாவது கொட்டு ஒன்றரை வருடம் கழித்து. இந்த முறை சாவி எடுபடவில்லை. ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்தது, குரல் கரகரத்தது, கண் செருகியது. ஏணி லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்ல காலம், ஆஸ்பத்திரி அந்தத் தெரு முனையிலேயே இருந்தது. ஊசி போட்டதும் செத்தவன் எழுந்த மாதிரி எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டான்.

டாக்டரம்மா அண்ணனையும், தம்பியையும், தம்பி மனைவியையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். சிலர் உடம்புக்குக் குளவி விஷம் ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை இப்படி ஆனவருக்கு அடுத்த தடவை இதைவிட மோசமாகவும் ஆகலாம். பேனா மாதிரி இரண்டு ஊசிகளை ஒரு மஞ்சள் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். கொட்டியதும் மூச்சோ குரலோ மாறினால், துணிக்கு மேலேயே தொடையின் வெளிப்பக்கம் குத்தி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிலும் தணியாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். சரியாகிவிட்ட மாதிரி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே தீர வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. இரண்டையும் பிரிக்கக் கூடாது. எப்போதும் தம்பியிடமே இருக்க வேண்டும்.

பூட்டண்ணன் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். ஒன்றையும் விடவில்லை. 'எப்போதும்' என்பதையும் எழுதினார்.

எழுதினாரே தவிர, அந்தச் சொல்லை அவர் படித்த விதம் வேறு. தம்பி கையில் பெட்டி போனால் பத்து நாள் தாங்காது என்று அவருக்குத் தெரியும். டெஸ்டரைத் தொலைத்தால் ஒரு கடிதத்தோடு போய்விடும்; இதைத் தொலைத்தால் ஆளே போய்விடுவான். அதனால் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். காலை எட்டு மணிக்கு மஞ்சள் பெட்டி மற்றச் சாமான்களோடு தம்பி கைக்குப் போகும். மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்து அலமாரியில் நிழலில், பத்திரமாக, இரண்டு பூட்டுக்குப் பின்னால் இருக்கும்.

தம்பி ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"நான் வீட்டுலயே வச்சுக்கறேனே, அண்ணே."

"வேண்டாம். குளவி இருக்கறது கம்பத்துல. உன் கட்டிலுக்கு அடியில இல்ல."

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவனின் அண்ணன், அதுவும் தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக நின்று அவனை வளர்த்தவர். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ஏற்பாடு கடிகாரம்போல நடந்தது. பதினான்கு மாதத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு வேலை நாள். முந்நூற்று நாற்பத்தெட்டு நாளும் பெட்டி போய், பெட்டி வந்தது. ஒரு நாள்கூடத் தம்பி அதைத் தொலைக்கவில்லை. பூட்டண்ணனுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. மேஸ்திரியிடம் அந்தப் பக்கங்களைக் காட்டியும் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூட்டண்ணன் மாடி வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். கீழ்வீட்டுப் பின்கட்டில் தம்பி துணிக்கொடிக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கொடியைத் தாங்குவது வாய் மூடாத ஒரு இரும்புக் குழாய். கயிற்றை இழுத்துக் கட்டியபோது குழாய் அதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரே ஒரு குளவி வந்தது. கழுத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. மணி பத்து எட்டு.

தம்பி மனைவி "மாமா" என்று கூப்பிட்ட கூப்பாட்டில் பூட்டண்ணன் பாதிக் கன்னம் நுரையோடு இறங்கி வந்தார். தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். மார்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பயந்த மாதிரி இல்லை. ஒரு தப்பைச் செய்துவிட்ட மாதிரிதான் அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே, நாக்கு தடிக்குது. பெட்டி?"

அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் பதில் இல்லை. பதில் இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய, பூட்டண்ணன் ஸ்கூட்டரை எடுத்தார். பத்து பன்னிரண்டுக்குக் கிளம்பினார். பத்து இருபதுக்கு ஆபீஸ் வாசல் கேட். பத்து இருபத்து மூன்றுக்குப் பெட்டியோடு வெளியே வந்தார். பத்து முப்பத்தொன்றுக்கு வீடு.

தம்பி மனைவி அவனைத் தரையில் படுக்க வைத்து, காலை முக்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள். டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை. கையில் ஊசி மட்டும் இல்லை. உதடு நீலமாகியிருந்தது. பூட்டண்ணன் தொடையின் வெளிப்பக்கம் குத்தி, வாய்விட்டுப் பத்து எண்ணினார். மார்பு அசைகிறதா என்று பார்த்தார். ஐந்து நிமிடம் காத்திருந்து இரண்டாவதையும் குத்தினார், அதற்கும் பத்து எண்ணினார். ஆறு எண்ணும்போது ஆம்புலன்ஸ் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. பதினொன்று ஐந்துக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். பூட்டண்ணனின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சீக்கிரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மேஸ்திரி டாக்டரம்மாவிடம் கேட்டார். அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் இந்த மருந்துக்கு நேரம்தான் எல்லாம் என்றார். பூட்டண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பதினாறாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். அன்று பிற்பகல் மூன்றரைக்குத் தம்பி மனைவி சாமான் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இத்தனை வருடத்தில் அவள் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டை ஒழிச்சேன், மாமா. ஆபீஸ் சாமான் கொஞ்சம் இருந்துச்சு. உங்ககிட்ட குடுத்துடலாம்னு."

பையை மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு டெஸ்டர் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம். இரண்டு, பழைய காக்கிச் சட்டைப் பைகளில். ஒன்று தையல் மெஷின் இழுப்பறையில், ஒன்று ரேடியோவுக்கு அடியில். கையுறை இரண்டு ஜோடியும் பூந்தொட்டிகளுக்கு நடுவே. பெல்ட்டைப் பரண்மேல் ஒரு பெட்டியைக் கட்டப் பயன்படுத்தியிருந்தான். ஸ்பேனர் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செருகியிருந்தது. பிளேயர் இரண்டும் கட்டிலுக்கு அடியில்.

பூட்டண்ணன் பழைய பதிவேடுகளை இறக்கினார். வருடம் வருடமாகப் புரட்டி, காலியாகக் கிடந்த ஐந்தாவது கட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். பதினொன்று. மேசைமேலும் பதினொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

அவர் பழைய ஏடுகளில் குனிந்திருந்தபோது, அவள் மேசையில் விரிந்திருந்த புது ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

ஞாயிறு. மஞ்சள் பெட்டி 1. வாங்கிய நேரம் 10.22. கையெழுத்து இருந்தது, அவருடையது. அழகான, அவசரமில்லாத எழுத்து.

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி, அலமாரி திறந்ததும் அவர் கை ஏட்டைத் திறந்துவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் எழுதியது தெரிந்தது. அதன்பின் ஒரு நாள் அதே வரியை வேறொரு தாளில் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு எழுதினார். மூன்று தடவை எழுதினார். யாரிடமும் சொல்லவில்லை.

"பத்தொம்பது செகண்டும்மா," என்றார் இப்போது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவள் முகமாக இருந்தது.

"அவரு தொலைச்சதெல்லாம் வீட்டுலதான் மாமா இருந்துச்சு," என்றாள். "இதையும் அவர்கிட்டயே குடுத்துத் தொலைக்க விட்டிருக்கலாம். எங்கியாவதுதான் கிடந்திருக்கும். நான் தேடி எடுத்திருப்பேன்."

பூட்டண்ணன் பேனாவை எடுத்தார். பதினொரு வரியிலும் அன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டார்: மூன்று ஐம்பது. ஒவ்வொரு சாமானாக அலமாரியில் அடுக்கினார். புது ஏட்டில் ஞாயிற்றுக்கிழமை வரிக்கு வந்தபோது பேனா ஐந்தாவது கட்டத்துக்கு மேல் நின்றது. மூடியைப் போட்டுவிட்டார்.

அவள் காலிப் பையை மடித்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் மாலையில் நிற்பார்களே, அவர் சொல்லட்டும் என்று, அதே மாதிரி. அவருக்கும் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது.

"எல்லாம்…" என்று ஆரம்பித்தார்.

அதற்குமேல் வரவில்லை.