இராசமலர் போட்ட வாங்கு

இராசமலரை உரும்பிராயில் பலருக்குக் கதிரைக்காரி என்றுதான் தெரியும். கடை வைத்திருப்பவர்கள், சிறுதொழில் செய்கிறவர்கள், இடமும் வேலையும் குழம்பிப்போனால் அவளைக் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஒரு கதிரை கேட்டு வாங்கி, அதில் மூன்று நாள் சும்மா குந்தியிருப்பாள். ஒரு சாமானையும் தொடமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். “கதிரை தேயவோ கூலி?” என்று பகிடி பண்ணாத ஆள் இல்லை. நாலாம் நாள்தான் எழும்புவாள்.

மோட்டார்சைக்கிள் திருத்துகிற எமில்ராஜ் கழற்றின ஆணிகளைத் தேடியே அரைநாளைத் தொலைக்கிறவன். இவள் ஒவ்வொரு மோட்டார்சைக்கிளிலும் ஒரு ஜாம் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டாள். அதன் ஆணி அதற்குள்ளேதான். இப்போது அவன் மத்தியானம் வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சோறு தின்கிறான்.

இந்த வேலையை அவள் படித்த இடம் பள்ளிக்கூடம் அல்ல. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து நானும் அவளும் ஒரே முகாமில் இருந்தோம். குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டை. அப்போது அவள் குமர்ப்பிள்ளை. ஒருநாள் நடுவில் போய் நின்று, குடங்களை வந்த ஒழுங்கில் அடுக்கினாள். இடையில் செருகின குடம் யாருடையதென்று கேளாமல் தூக்கிக் கடைசியில் வைத்தாள். இரண்டு தரம் அடி வாங்கினாள். மூன்றாம் நாள் சண்டை நின்றது. பிறகு கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் இருபது வருடம் வேலை. அங்கும் அதே குணம்தான்.

இனி மில்லுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

எங்கள் பக்கத்தில் தூள் என்பது கடையில் வாங்குகிற சாமான் அல்ல. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் வீட்டில் வறுத்து, வாளியில் கொண்டுபோய்த் தில்லைநாதனின் மில்லில் அரைப்போம். ஒரு வீட்டுத் தூள்போல இன்னொரு வீட்டுத் தூள் இராது. மெசினின் வயிற்றில் முன்னே அரைத்தவரின் தூள் ஒரு பிடி தங்கும். அடுத்தவரின் தூளோடுதான் அது வெளியே வரும். அதனால்தான் பெரிய வீட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால் அரைக்கமாட்டார்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்களின் வாளி முன்னுக்குப் போகும், ஒடுங்கின தெருவான எங்கள் ஒழுங்கை ஆட்களின் வாளி பின்னுக்குப் போகும். சாதி என்று இப்போது ஒருவரும் வாயால் சொல்வதில்லை. “பேந்து பாப்பம்”, பிறகு பார்ப்போம் என்பார்கள். என் தாயும் அதைக் கேட்டாள், நானும் கேட்டேன்.

போன மாசியில் என் தூள் பெரிய வீட்டுக் கமலாவதி ரீச்சர் வீட்டுக்கும், அவர் தூள் என் வீட்டுக்கும் மாறிப்போயிற்று. மூடியைத் திறந்த உடனே மணத்தில் பிடித்தேன். அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்தேன். ரீச்சர் வீட்டில் என் தூளைக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டார்கள். ஐந்து கிலோ, வெயிலில் காயவைத்து, கண் எரிய எரிய வறுத்த தூள்.

கொட்டினதோடு விடவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு மில்லில் வேறு நாள் ஒதுக்கவேண்டும், இல்லையென்றால் தானும் தன் சொந்தக்காரர் எட்டு வீடும் பட்டினத்து மில்லுக்குப் போய்விடுவோம் என்று ரீச்சர் தில்லைநாதனுக்குச் சொன்னார். தில்லைநாதன் கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். அந்த வேறு நாளை ஒழுங்குபண்ணித் தரச்சொல்லித்தான் இராசமலரைக் கூப்பிட்டார்.

அவள் வந்து கதிரையில் இருந்தாள். நான் அவளோடு கதைக்கவில்லை. குழாயடியில் நின்றவள், இதற்கும் வந்தாளே என்று எனக்குக் கோபம்.

நாலாம் நாள் எழும்பினாள்.

“அண்ணை, மூண்டு நாளிலை பதினாலு தரம் வாளியள் இடம் மாறினது. எல்லாம் பிந்தி வந்த ஆருக்கோ வழிவிட. தூக்கித் தூக்கி வைச்சால் தூள் மாறாமல் என்ன செய்யும்?”

“பிள்ளை, நான் உன்னட்டைக் கேட்டது நாள் பிரிக்கச் சொல்லி.”

“பிரிக்கிறன். விடிய அரிசிமா, பின்னேரம் தூள். சாமானைப் பிரிக்கலாம் அண்ணை. சனத்தைப் பிரிக்கிறதெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ.”

அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை. வேறு ஆளும் இல்லை. வாசலிலிருந்து மெசின்வரை ஒரு நீள வாங்கு, பெஞ்சுபோல, பலகையால் போடுவித்தாள். வந்த ஒழுங்கில் வாளியை வைப்பது, ஒன்று அரைபட்டால் மற்றதை முன்னுக்குத் தள்ளுவது. தூக்குவதென்ற கதையே இல்லை. வாளியில் பேர் எழுதி ஒட்டப் போனாள். அப்போதுதான் நான் வாய் திறந்தேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது மோனை. ஆரும் வாசிச்சுச் சொல்லித்தான் நான் என்ரை தூளை எடுக்கவேணுமோ?”

எழுதின பேர்த் துண்டுகளைச் சுருட்டி எறிந்தாள். அடுத்த நாள் திருவிழாக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் காப்புகளைப் பல நிறத்தில் சோடி சோடியாகக் கொண்டுவந்தாள். ஒன்று வாளியின் கைபிடியில், மற்றது சொந்தக்காரரின் கையில். அரைத்த தூளின் பையிலும் வாளியின் காப்பே ஏறும்.

“ஆம்பிளையளும் காப்புப் போடுறதோ?” என்று சிரித்தார் தில்லைநாதன்.

“போட்டால் கை முறியாது, அண்ணை.”

இராசமலரின் கடைசி நாள் அது, பின்னேரம். வாங்கில் இருந்தது என் வாளி மட்டும்தான், மஞ்சள் காப்போடு. ரீச்சர் ஓட்டோவில் மூன்று வாளியோடு வந்து இறங்கினார். கனடாவிலுள்ள மகளுக்கான பொதி அன்று பின்னேரமே போகவேண்டுமாம்.

“தில்லைநாதண்ணை, உந்த மனுசியை வாளியை எடுக்கச் சொல்லுங்கோ.”

மனுசி நான்தான். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனமில்லை.

தில்லைநாதன் என்னிடம் வந்தார். “எணை ஆச்சி, இண்டைக்கு ஒருக்கா மட்டும்...”

“மாட்டன் தம்பி. அறுவது வருசமா ஒருக்கா மட்டும்தான்.”

அவர் இராசமலரைப் பார்த்தார். அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“நாளைக்கு நான் இஞ்சை இல்லை அண்ணை. இண்டைக்கு நான் சொன்னால் அது என்ரை சட்டம். நீங்கள் சொன்னால்தான் மில்லின்ரை சட்டம்.”

மெசின் சும்மா இரைந்துகொண்டு நின்றது. தில்லைநாதன் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். ஒருதரம் அல்ல, மூன்று தரம். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ரீச்சர், உங்கடை வாளியளை ஆச்சியின்ரைக்குப் பின்னாலை வையுங்கோ.”

“எட்டு வீடும் போகும், தெரியுமோ?”

“தெரியும், ரீச்சர்.”

பட்டினத்துக்குப் போய் அரைத்து வர நேரம் இல்லை. நீலக் காப்பை இரண்டு விரலால், செத்த பல்லியைப் பிடிக்கிறதுபோலப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். என் தூள் இறங்கிற்று. வேண்டுமென்றேதான் அவசரப்படாமல் பையைக் கட்டினேன், பொய் சொல்வானேன். பிறகு அவருடையது விழுந்தது. அதற்கு முன்னால் அவரின் பைக்குள் விழுந்தது, மெசினில் தங்கின என் தூளில் ஒரு பிடி. அது கனடாவுக்குப் போயிற்று. யாருக்கும் வயிறு நொந்ததாகத் தகவல் இல்லை.

ரீச்சர் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் சொன்ன எட்டு வீட்டில் ஐந்து போனது உண்மை, மூன்று வருகிறது. அந்த மூன்று வீட்டுக்காரரும் காப்புப் போட்டுக்கொண்டு எங்களோடுதான் நிற்கிறார்கள். தூள் இன்றுவரை மாறவில்லை. தில்லைநாதன் போன ஐந்து வீட்டை நினைத்து முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், நான் மறிக்கவில்லை.

ஆனால் போன கிழமை தூள் கொண்டுபோனபோது ஒன்று கண்டேன். வாங்கின் நாலு காலையும் சீமெந்து போட்டு நிலத்தோடு இறுக்கியிருக்கிறார். இராசமலர் சொன்னாளோ என்று கேட்டேன்.

“இல்லையணை. அவள் இப்ப பண்டத்தரிப்பிலை ஒரு தையல்கடையிலை கதிரையிலை இருக்கிறாள். உது நானாச் செய்தது. ஆரும் வந்து ஒருக்கா மட்டும் எண்டு கேட்டால், எனக்கும் உந்த வாங்கைத் தூக்கிப்போட ஏலாமல் இருக்கவேணுமெல்லோ?”

அவரின் கையில் இன்னும் ஈரச் சீமெந்து ஒட்டியிருந்தது. நான் என் வாளியை வாங்கில் வைத்தேன்.