கிங்ஸ்பரியிலிருந்து புளூம்ஸ்பரிக்கு, மசாச்சுசெட்ஸ் வழியாக

லண்டன், 1990 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மைல் தூரத்துக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். அந்த ஒன்பது மைலைக் கடக்க முடியாமல் இரண்டு முறை திரும்பி வந்தவள் நான்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். வரலாறு, இறுதி ஆண்டு. வகுப்பில் எல்லார் முன்னும் பத்து நிமிடம் பேச வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. தலைப்பு: 1786இல் மசாச்சுசெட்ஸ் விவசாயிகள் கடனுக்கும் வரிக்கும் எதிராகக் கிளம்பியதன் காரணங்கள். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் கிங்ஸ்பரி ஸ்டேஷன் வாசல் வரை போய், காய்ச்சல் என்று வீடு திரும்பினேன். மூன்றாவது முறையும் வராவிட்டால் பூச்சியம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அதனால் அண்ணா என்னைத் தன் நண்பர் ரவி ஓட்டும் மினிகேப் வாடகைக் காரில் ஏற்றிவிட்டார். பத்துப் பவுண்டு, முன்கூட்டியே கொடுத்தாயிற்று. இடையில் இறங்கக் கேட்டால் விட வேண்டாம் என்று அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. 9.15க்குப் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்தில் சோதனைக்குப் படித்ததுபோல, எழுதிவைத்த பேச்சின் ஆறு பக்கத்தையும் பாடமாக்கியிருந்தேன். காரில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ரவி அண்ணை ஏதாவது கேட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். திரும்ப முதலாம் பக்கம். பாதி வழியில் கில்பேர்ன் வருவதற்குள் நான்கு முறை தொடங்கிவிட்டேன்.

"இண்டைக்கு அமெரிக்கா போய்ச் சேருவமோ, தங்கச்சி?" என்றார். பிறகு, "கடன் வாங்கினவை குடுக்கத்தானே வேணும். அதுக்கேன் குழப்படி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை பிடித்தவர்களுக்கு அரசு சம்பளமாகக் கொடுத்தது, பணம் பிறகு தருவதாக எழுதிய வெறும் பத்திரம். பசியில் அதை வியாபாரிகளுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். இப்போது அந்த வியாபாரிகளுக்கு முழுப் பெறுமதி கொடுக்கத்தான் வரி, அதுவும் நாணயமாக. விவசாயிகள் இருந்த மலைப்பக்கத்தில் நாணயமே இல்லை. கட்டாதவனின் மாட்டையும் காணியையும் கோர்ட் எடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"தாங்கள் வித்த பத்திரத்துக்குத் தாங்களே வரி கட்டோணும் எண்டால் ஏலுமோ, அண்ணை?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹோர்ன் அடித்த பிறகுதான் அவர் காரை எடுத்தார். "அப்ப அவை என்ன செய்தவை?"

"முதல்ல மனு எழுதினவை. ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகு நீதிபதி உள்ள போகாமல் கோர்ட் வாசலை மறிச்சவை."

"சரியான வேலை," என்றார், தானும் அங்கே நின்றவர்போல.

10.20க்குப் புளூம்ஸ்பரியில் பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன். பதினொரு மணி வகுப்பில் இரண்டாம் பக்கம் நடுவில் எனக்கு எல்லாம் மறந்து போனது. முன்வரிசையில் ஒருவன், வாங்கிய கடனைக் கொடுப்பதுதானே நியாயம் என்று கேட்டான். அவனுக்கும் காரில் சொன்ன மாதிரியே சொன்னேன், ஆங்கிலத்தில்.

ரயிலில் போகிறவர்கள் ஜூபிலி லைனில் பேக்கர் ஸ்ட்ரீட் போய், மாறி யூஸ்டன் ஸ்குவெயரில் இறங்குங்கள். ஐம்பது நிமிடம் போதும், பிறகு பத்து நிமிட நடை. பேசப் போகிறவர்கள் பாடமாக்காதீர்கள். போகும் வழியில் யாருடனாவது வாதாடுங்கள். கையில் மணிக்கூடும் கட்டிக்கொள்ளுங்கள். நேரம் முடிந்தது என்று ஆசிரியர் இரண்டு முறை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை.