இளைச்சுட்டியே

மஞ்சூருக்குக் கீழே எஸ்டேட் லைன் வீடுகளில் ஜூடித்தைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தின் ஊழியர் அவள். விரலைக் குத்துவதற்கு முன் வெந்நீரில் கையைக் கழுவச் சொல்லி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் ஊசியைத் தொடுவாள். மெஷினில் ‘ஹெச் ஐ’ என்று விழுந்தால் அது ஹாய் இல்லை, மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கும் சுகர் உண்டு. உடம்பும் பெரிது. உடல் பருமனைக் குறைக்கத் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று அரசு கொடுத்த தாளை இலை நிறுக்கும் கொட்டகையில் அவள் படித்துக் காட்டியபோது, நாள் முழுக்க மேடேறி இலை பறித்துவிட்டு வந்த பெண்கள் சிரித்தார்கள். விஜயாதான் வாயைத் திறந்தாள்.

“ஜூடித்து, உன்னைய இந்தத் தராசுல தொங்க விட்டா எங்க ரெண்டு நாள் இலை தேறும். முதல்ல நீ குறைஞ்சு காட்டு கண்ணு, அப்புறம் நாங்க நடக்கறோம்.”

ஜூடித்தும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு தைத்துவிட்டது.

அடுத்த வாரமே மஞ்சூர் கடைவீதியில் உடம்பு இளைக்கப் பவுடர் விற்கும் ரஞ்சனியின் கடைக்குப் போனாள். காலையும் இரவும் சோற்றுக்குப் பதில் ஒரு டம்ளர் பவுடர் கரைத்துக் குடிக்க வேண்டும், சுகர் மாத்திரை இனித் தேவையில்லை என்றாள் ரஞ்சனி. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் மாத்திரையை அன்றே நிறுத்தினாள்.

உடம்பு இறங்கியது, ஜாக்கெட் தொளதொளத்தது. இளைச்சுட்டியே, இளைச்சுட்டியே என்று வழியெல்லாம் மெச்சினார்கள். ரஞ்சனி அவளுடைய பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துக் கடை வாசலில் பேனர் கட்டினாள். அவளுடைய அண்ணன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, “என்னம்மா, இப்படி இளைச்சுட்டியே” என்றார். ஊர் மெச்சிய அதே சொல் அவர் வாயில் துக்கம் விசாரிப்பதுபோல் இருந்தது. கண் வைக்காதீங்கண்ணா என்று சொல்லி நழுவினாள்.

தண்ணீர் எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை. அடிக்கடி தேயிலைச் செடி மறைவுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை, ஒரு வீட்டில் கொடுக்க எடுத்த மாத்திரை அட்டையின் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி, கையைக் கழுவித் துடைத்து, தன் விரலையே குத்தினாள். மெஷினில் ‘ஹெச் ஐ’ விழுந்தது. மறுபடி கழுவி வேறு விரலைக் குத்தினாள். அதேதான்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மாத்திரை இல்லாமல் ஏறிய சர்க்கரை உடம்பையே தின்றிருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மெச்சியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். ஜூடித்துக்கு உடனே விஜயாவின் நினைப்பு வந்தது. விஜயாவுக்கும் சுகர். பேனரைப் பார்த்துத்தான் அவளும் பவுடர் வாங்கியிருந்தாள். மாத்திரை கொடுக்கப் போனபோது, பழையதே இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தாள். ஏன் மிச்சம் இருக்கிறது என்று ஜூடித் அன்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே விஜயா வீட்டுக்குப் போனாள். விஜயாவின் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் ஜூடித் சொன்னாள்.

“நீ இளைச்சா நல்லது, நாங்க இளைச்சா கெட்டதா? ஆஸ்பத்திரியில உன்னையப் பயமுறுத்தி அனுப்பியிருக்காங்க.”

“விரலை மட்டும் நீட்டுங்கக்கா.”

விஜயா நீட்டவில்லை. இளைத்த உடம்போடு வந்து நின்று இளைக்காதே என்றால் யார் நம்புவார்கள்? கடை வாசலில் பேனர் செய்த வேலையை இங்கே அவள் உடம்பே செய்துகொண்டிருந்தது.

ஜூடித் கிளம்பவில்லை. பேச்சுக்கு நடுவே விஜயா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி மொண்டு குடித்தாள். கொல்லைப் பக்கம் போய் வந்தாள். வந்து உட்காருவதற்குள் மறுபடி எழுந்தாள். திரும்பி வந்தபோது ஜூடித் அடுப்படியிலிருந்து எடுத்து வைத்த வெந்நீரும் துண்டும் கீழே இருந்தன.

“எனக்கும் இப்படித்தாங்கக்கா இருந்துச்சு.”

விஜயா மெல்ல உட்கார்ந்தாள். பிறகு கையைக் கழுவி நீட்டினாள். ஈரம் காயும்வரை ஜூடித் காத்திருந்து குத்தினாள். விஜயா மெஷினைப் பார்க்காமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஹாய் சொல்லுதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டு சேலை எடுத்து வைங்கக்கா. நானும் கூட வர்றேன்.”