சவர்க்காரத்தில் ஒரு முடி

கண்டியில் நாங்கள் வேலை செய்த மாடியில் ஏழு அலுவலகங்களுக்கும் ஒரே கழிப்பறைதான். அதைத் துப்புரவு செய்தவர் பன்விலயிலிருந்து பஸ்ஸில் வருவார். நரைத்த கொண்டை, தூக்கம் தீராத கண்கள். கை கழுவ அவர் வைக்கும் புதுச் சவர்க்காரக் கட்டியில் எப்போதும் ஒரு நரைமுடி ஒட்டியிருக்கும். ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"நான்தான் ஒட்டுறேன் மிஸ். முடி இருந்தா யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"போனா போகட்டுமே. உங்களுக்கென்ன?"

"காணாமப் போனா என் பையத்தானே கொட்டிப் பாக்குறாங்க."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் பையை அங்கே ஒருவரும் திறக்கச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து முடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் கை கழுவுவேன். கழுவியதும், அது இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட்டு வருவேன்.